இடப்பக்கமாகத் திருப்பு

டிக்கோயா ஆஸ்பத்திரி நேர்ஸ் மிஸ்
அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார்.
அம்மாவுக்குச் சிங்களம் மட்டுமட்டு.
எனக்கு ஒன்பது வயது,
இரண்டாம் மொழிக்கு எழுபத்தெட்டுப் புள்ளி.

வாயில் கரண்டி வைக்காதே.
கையில் இரும்பு கொடுக்காதே.
இடப்பக்கமாகத் திருப்பு.
நேரம் பார்.
ஐந்து நிமிஷம் தாண்டினால் ஓடு.

எங்கே ஓடுவது என்று மிஸ் சொல்லவில்லை.
மேற்பிரிவிலிருந்து ரோட்டுக்கு முந்நூற்றுச் சொச்சம் படி.
கொழுந்து லொறி பத்தரைக்கும் மூன்றரைக்கும்.
அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்து வருவதில்லை.

அப்பாவின் பிளாஸ்டிக் கடிகாரம், வார் அறுந்தது,
என் கவுன் பையில் கிடந்தது.
அம்மாவுக்கு மலையில் பேர்,
அப்பாவுக்கு ஸ்டோரில் பேர்,
எனக்கு விமலதாஸ்.
அரைப்பேர்கூட விழாத வேலை.

மவுசாகலைத் தண்ணீர்ப் பக்கம் அவன் போகக்கூடாது;
நானும் போனதில்லை.
அடுப்புப் பக்கம் அவன் வரக்கூடாது;
ரொட்டி நான் சுட்டேன்.
இத்தனைக்கும் அவன் மூத்தவன், பதினொன்று.
வந்து போனபின்
தன் முகத்தை என் முகத்தில் தேடுவான்.
"எவ்வளவு?"
"ரெண்டு நிமிஷம்."
நாலு என்றாலும் ரெண்டு.
கொப்பியில் மட்டும் சரியாக எழுதிவைப்பேன்,
கிளினிக் டொக்டருக்காக.
அண்ணனுக்கும் வாசிக்க வரும் என்பது
எனக்கு ஏனோ தோன்றவில்லை.

பார்க்க வருகிறவர்கள்
நெஸ்டமோல்ட் கொண்டுவருவார்கள்,
மெல்லிய தாள் சுற்றிய சிவப்பு அப்பிள்.
அவன் தலையைத் தடவுவார்கள்.
என்னிடம், "அண்ணன நல்லாப் பாத்துக்க."
அம்மா அப்பிளை நாலாக வெட்டி
மூன்றை அவன் தட்டில் வைப்பாள்.

அதனால்தான் அன்றைக்கு விழுந்தேன்.

மழை நாள். இஸ்தோப்பில் ஈர விறகு.
கண்ணை மேலே செருகினேன்,
பல்லைக் கடித்தேன்,
கையை முறுக்கி, காலால்
தகர வாளியை உதைத்து உருட்டினேன்.
எச்சில்கூட விட்டேன்.
தோட்டத்தில் என்னைவிட நன்றாக
அதைத் தெரிந்தவர் யாருமில்லை.
பார்க்க ஆளில்லை என்பதை
விழுந்தபிறகுதான் யோசித்தேன்.
அம்மா மலையில். வீட்டில் அவன் மட்டும்.

கத்துவான் என்று நினைத்தேன்.
அம்மாவின் பழைய படங்கு, மடித்தது,
என் தலைக்கடியில் வந்தது.
தோளிலும் இடுப்பிலும் கைவைத்து
இடப்பக்கமாகத் திருப்பினான்.
ஒரு நாளும் கண்டிராத ஒன்றை
எங்கிருந்து கற்றானோ.
என் பையில் கைவிட்டுக் கடிகாரத்தை எடுத்தான்.
எண்ணினான்,
குரல் நடுங்க,
நாற்பதில் பிசகி
மறுபடி முப்பத்தொன்பதிலிருந்து.

எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்:
கை தளரும், மூச்சு குறட்டையாகும், பிறகு தூக்கம்.
அதைச் செய்ய வெட்கமாயிருந்தது.
சும்மா கண்ணைத் திறந்துவிட்டேன்.

"பொய்தானே?"

அடிப்பான் என்று காத்திருந்தேன்.
பக்கத்தில் குந்தினான்.
"நான் இப்பிடியா இருப்பேன்?"
தகரத்தில் மழை. பதிலைக் கேட்க
அவன் குனியவேண்டியிருந்தது.
"வாயி கோணுமா?"
ஆமாம்.
"மூத்திரம்?"
சில நேரம்.
"அன்னைக்குக் காலைக்கூட்டத்துல
எல்லாப் பிள்ளைங்களும் பாத்தாங்களா?"
வாளி படியோரம் வரை உருண்டிருந்தது.
எழுந்துபோய் எடுத்துவந்து நிமிர்த்தி வைத்தான்.

"இன்னொருக்காச் செய். மெதுவா.
நான் சரியாப் பாக்கல."

செய்தேன்.
அண்ணனை அண்ணனுக்குச் செய்துகாட்டினேன்.
இந்தமுறை அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி குப்பி விளக்கில் கொப்பியைத் திறந்தால்
ஒரு வரி கூடியிருந்தது,
சாய்ந்து சாய்ந்து அவன் எழுத்து:
மழை. தங்கச்சிக்கு. ஒரு நிமிஷம் ஐம்பது.
அதற்கு மேலே
என் நாலு, நாலரை, மறுபடி நாலு,
ஒவ்வொன்றின் கீழும்
பென்சிலால் ஒரு கோடு.